வீட்டை அழகுபடுத்துவது யாருக்காக?

 

அல்லாஹ்வின் நல்லடியார்களே! ஷஅபான் பிறந்துவிட்டால் நம் தெருக்களில் பெயின்ட் வாடை வர ஆரம்பித்துவிடும். நோன்புக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் பாட்டன் காலத்து வழக்கம். இப்போது வேலை வெள்ளையடிப்பதோடு நிற்பதில்லை. பழைய தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடுகிறோம், திண்ணையை இடித்து ஹாலைப் பெரிதாக்குகிறோம், மேலே ஃபால்ஸ் சீலிங், சுவரில் டிவி யூனிட். "ஹஸ்ரத், இப்படியெல்லாம் வீட்டை அலங்கரிப்பது கூடுமா?" என்று பலர் கேட்கிறார்கள்.

கூடும். அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடை செய்தவர் யார் என்று அஃராஃப் அத்தியாயத்தில் அவனே கேட்கிறான். தன் ஆடையும் செருப்பும் அழகாக இருக்கவேண்டுமென விரும்புகிறவரைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகன், அழகை நேசிப்பவன் என்று விளக்கிய நபி (ஸல்) அவர்கள், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும்தான் என்றார்கள் (முஸ்லிம்). எனவே நல்ல வீடு கட்டியவரையெல்லாம் மிம்பரில் நின்று திட்டுவது மார்க்கமன்று. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கவேண்டும். இந்த அழகு யாருக்காக?

நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்குச் செய்த உபகாரங்களை எண்ணிக் காட்டும்போது, வீடுகளை நமக்கு 'ஸகன்' ஆக்கியதாகச் சொல்கிறான். மக்தபில் ஓதும் பிள்ளைகளுக்கு 'சுகூன்' தெரியும். எழுத்தின் மேல் அது வந்தால் அசைவு நின்றுவிடும். ஸகன் அதே வேரிலிருந்து வந்த சொல். வெளியே அலைந்த உடம்பும் மனமும் வந்து நிற்கும் இடம் வீடு. அந்த வசனத்தில் வீட்டுக்கு அல்லாஹ் குறிப்பிடும் முதல் பயன் இதுதான்.

இனி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு போருக்குச் சென்றிருந்த நேரத்தில் அன்னையவர்கள் வேலைப்பாடுள்ள ஒரு விரிப்பை வாசலில் திரையாகத் தொங்கவிட்டார்கள். பயணம் முடிந்து வரும் கணவருக்காக வீட்டை அழகாக வைக்கும் ஆசை எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே! நபியவர்கள் அதைக் கண்டதும் முகத்தில் வெறுப்புத் தெரிந்தது. இழுத்துக் கிழித்தார்கள். கல்லுக்கும் களிமண்ணுக்கும் ஆடை போர்த்தும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்றார்கள். அன்னையவர்கள் அந்தத் துணியை வெட்டி, இரண்டு தலையணை தைத்து, பேரீச்ச நாரை அடைத்தார்கள். அதை நபியவர்கள் குறை சொல்லவில்லை (முஸ்லிம்).

துணி அதே துணி. சுவருக்கும் வாசலுக்கும் உடுத்தியபோது பிடிக்கவில்லை. மனிதர் தலைசாய்க்கும் இடத்துக்கு வந்தபோது ஏற்கப்பட்டது. வேறு அறிவிப்புகளில் அத்தகைய திரையில் உருவங்கள் இருந்ததாக வருவதால், வெறுப்புக்கு அதையும் காரணமாக உலமாக்கள் பேசுகிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், "கட்டளையிடவில்லை" என்ற வாசகம் மட்டும் ஹராம் என்று காட்டாது, சுவரைத் துணியால் போர்த்துவது மக்ரூஹ் என்கிறார்கள். ஆகவே ஜன்னலுக்குத் திரை போட்டவர் பயப்படவேண்டாம். அது மறைப்புக்கானது, தேவையானது.

ஃபாத்திமா (ரலி) அவர்களின் வீட்டு வாசலிலும் இப்படி ஒரு வேலைப்பாடுள்ள திரை தொங்கியது. நபியவர்கள் உள்ளே நுழையாமலே திரும்பிவிட்டார்கள். உயிருக்கு உயிரான மகள் வீடு! அலீ (ரலி) அவர்கள் போய் விசாரித்தார்கள். மகளாரோ, வாப்பா என்ன சொன்னாலும் செய்யத் தயார் என்று நின்றார்கள். தேவையுள்ள ஒரு குடும்பத்தைக் குறிப்பிட்டு, அவர்களுக்கு அதை அனுப்பிவிடச் சொன்னார்கள் நபியவர்கள் (புகாரி). துணி வீணாகவில்லை, தேவைப்பட்ட இடம் போய்ச் சேர்ந்தது.

இந்த அளவுகோலோடு நம் வீட்டுக்குள் வாருங்கள். வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் இடம் மாறுவது யார்? பெரும்பாலும் உம்மாதான். முன்னறையில், தெருவில் போகிறவர்களிடம் ஸலாம் சொல்லிக்கொண்டு கிடந்தவரின் கட்டில், சோபா செட்டுக்குப் பொருத்தமில்லை என்று பின்கட்டுக்குப் போகிறது. அல்லது மாடியறைக்கு. முழங்கால் வலிக்காரர் மாடியேறினால் பிறகு மய்யித்தாகத்தான் இறங்கவேண்டும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு நாம் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கப் போய்விடுகிறோம். பெற்றோரின் முதுமையைப் பற்றிச் சொல்லும் இஸ்ரா அத்தியாய வசனத்தில் அல்லாஹ் 'இந்தக' என்றொரு சொல்லை வைத்திருக்கிறான். 'உன்னிடத்தில்' என்று பொருள். உன் பக்கத்தில், உன் பராமரிப்பில். வீட்டின் கடைசி அறை அதற்குள் அடங்குமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்து அபூஅய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கியபோது கீழ்த்தளத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஓர் இரவு அபூஅய்யூப் (ரலி) அவர்களுக்கு, அல்லாஹ்வின் தூதருடைய தலைக்கு மேலல்லவா நடக்கிறோம் என்று உறைத்தது. கணவனும் மனைவியும் ஓர் ஓரமாக ஒதுங்கி இரவைக் கழித்தார்கள். காலையில் சொன்னபோது, கீழ்த்தளமே தனக்கு வசதி என்றார்கள் நபியவர்கள். ஆனாலும் அபூஅய்யூப் (ரலி) அவர்கள் மனம் ஒப்பாமல், நபியவர்களை மேலே குடியேற்றினார்கள் (முஸ்லிம்). அந்த வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவரின் வசதிக்காக இடம் மாறினார்கள். உம்மாவின் குளியலறையில் வழுக்காத டைல்ஸும் ஒரு கைப்பிடிக் கம்பியும் வையுங்கள். நான் பார்த்தவரை, பளபளப்பான தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்கள் நம் மஹல்லாவில் குறைவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். ரியாதிலும் துபாயிலும் எட்டுப்பேர் தங்கும் அறையில், இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, ஊரில் ஃபால்ஸ் சீலிங் வேலை நடப்பதை வீடியோ காலில் பார்க்கும் தம்பிமார்கள் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்து அந்த சீலிங்கின் கீழ் படுப்பார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். அங்கே சம்பந்தம் பேச வருகிறவர்களின் கண்ணுக்காகவும் ஹால் ஜொலிக்கவேண்டியிருக்கிறது. கையில் இல்லாதபோது வட்டிக்கு வாங்கிச் செய்கிறார்கள். வட்டியை விடாதவர்கள் மீது அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவித்திருப்பதாகக் குர்ஆன் சொல்கிறது. அந்தப் போரை மாதத் தவணையில் வீட்டுக்குள் அழைத்து வந்துவிட்டு, வாசலில் ஆயத்துல் குர்ஸி மாட்டி என்ன பயன்?

இதன் மறுபக்கமும் உண்டு. புது பைக்குக்கு யோசிக்காத சிலர், மனைவி அடுப்படியில் புகைபோக்கி கேட்டால் மட்டும் 'இஸ்ராஃப்' என்று பத்வா கொடுக்கிறார்கள். நோன்பு மாதத்தில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் அவர் நிற்கும் இடம் அது. அவரது உயரத்துக்குச் சமையல் மேடையை உயர்த்துவதும், காற்று வர ஜன்னல் வைப்பதும் ஸகனுக்கான செலவு. எனக்குத் தெரிந்து, வீட்டில் முதலில் செலவழிக்கவேண்டிய அறை அதுதான்.

உம்முஹாத்துல் முஃமினீன்களின் அறைகளின் கூரையைக் கையால் தொட முடிந்தது என்று ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்கள் சொன்னார்கள். உமய்யா கலீஃபா வலீதின் காலத்தில், ஹிஜ்ரி 88-இல் (கி.பி. 707), மஸ்ஜிதுந் நபவியின் விரிவாக்கத்துக்காக அந்த அறைகள் இடிக்கப்பட்டன. மதீனா அழுதது. ஸஈத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள், அவற்றை அப்படியே விட்டிருக்கலாமே, இறைத்தூதர் எதில் திருப்தியடைந்தார்கள் என்பதைப் பார்த்து மக்கள் பெருமையடிப்பதைக் குறைத்துக்கொள்வார்களே என்று ஏங்கினார்கள்.

வேலை தொடங்குமுன் கொத்தனாரிடம் சொல்லவேண்டிய ஒன்று: நமக்குக் கிப்லா மேற்கே, சற்று வடக்கே சாய்ந்து. கழிவறைப் பீடம் அந்தத் திசையை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமைய வேண்டாம். கட்டடத்துக்குள் இதன் சட்டத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு; திருப்பி வைப்பதால் செலவு கூடப்போவதில்லை.

இன்னொன்று, தொழ ஓர் இடம். இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்குப் பார்வை மங்கிவிட்டது. மழை பெய்தால் பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடும், பள்ளிக்கு வர முடியாது. என் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுங்கள், அதை நான் தொழுமிடமாக ஆக்கிக்கொள்கிறேன் என்று நபியவர்களிடம் கேட்டார்கள். மறுநாள் வெயில் ஏறியபின் நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களோடு வந்தார்கள். உட்காரவே இல்லை. உன் வீட்டில் எந்த இடத்தில் நான் தொழவேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்கள். இத்பான் (ரலி) ஒரு மூலையைக் காட்டினார்கள். நபியவர்கள் தக்பீர் சொல்ல, பின்னால் அணிவகுத்தார்கள். இரண்டு ரக்அத் முடிந்ததும், இறைச்சியும் மாவும் சேர்த்துச் சமைத்த கஸீரா என்ற உணவுக்காக நபியவர்களை அங்கேயே இருத்தினார்கள். செய்தி கேட்டு அந்தத் தெரு ஆண்களெல்லாம் அந்த வீட்டில் வந்து நிறைந்தார்கள் (புகாரி).