நடிப்புக்கு விருதா, பழைய கடனுக்கா?

விருது பெற்ற ஒரு திரை நடிப்பைத் தகுதியற்றது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று வேறுபட்ட குற்றச்சாட்டுகளை அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அந்த நடிப்பே தரம் குறைந்தது என்பது ஒன்று. நடிப்பு நன்றாகவே இருந்தாலும் அதே ஆண்டில் அதைவிடச் சிறந்தது வேறொன்று இருந்தது என்பது இன்னொன்று. எந்த நடிப்பின் பெயரால் விருது அறிவிக்கப்பட்டதோ அதற்காக அல்லாமல் வேறொரு காரணத்துக்காக அது கொடுக்கப்பட்டது என்பது மூன்றாவது. முதலிரண்டும் கலைச்சுவை பற்றியவை, மூன்றாவது நீதி பற்றியது. விருது வரலாற்றில் பல பத்தாண்டுகள் கடந்தும் ஆறாத சர்ச்சைகள் பலவற்றின் அடியில் இந்த மூன்றாவது குற்றச்சாட்டே கிடக்கிறது. ஆனால் வாதிடுபவர்கள் சுவையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் அது ஆராயப்படாமலே போகிறது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோயல் ஃபைன்பெர்க் 1963-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தகுதிக்கும் உரிமைக்கும் இடையே ஒரு வேறுபாட்டை நிறுவினார். போட்டியின் விதிகளின்படி வென்றவருக்குப் பரிசின் மீது உரிமை உண்டு. அதை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. தகுதி என்பது வேறு: அது அந்த மனிதரிடமோ அவர் செய்த செயலிலோ உள்ள ஏதேனும் ஒரு பண்பைச் சார்ந்தே நிற்க வேண்டும், அந்தப் பண்பைத் தகுதியின் அடிப்படை என்கிறது மெய்யியல். கண் கலங்க வைத்த வறுமை உதவிக்கு அடிப்படையாகலாம், பாட்டுப் போட்டியின் முதல் பரிசுக்கு ஆகாது. இதன்படி பார்த்தால் 'இந்த ஆண்டின் சிறந்த நடிப்பு' என்று பெயரிடப்பட்ட விருதுக்கு அந்த ஆண்டில் திரையில் நிகழ்த்தப்பட்ட அந்த நடிப்பைத் தவிர வேறு அடிப்படை இருக்க இயலாது. நடிகரின் வயது, நோய், முன்பு அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி, வாழ்நாள் சாதனை ஆகிய எல்லாமே மதிக்கத்தக்கவை. எனினும் அவை இந்த விருதின் அடிப்படைக்கு வெளியே நிற்பவை.

1993 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில் அல் பசீனோவுக்கு 'சென்ட் ஆஃப் எ உமன்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் அவர் வென்றதில்லை. 'காட்ஃபாதர்' படத்தின் இரண்டாம் பாகத்தில் மைக்கேல் கார்லியோனியாக அவர் காட்டிய நடிப்பு, 1975-ஆம் ஆண்டு விழாவில் 'ஹாரி அண்ட் டான்டோ' படத்தில் நடித்த ஆர்ட் கார்னியிடம் தோற்றது. பூனையோடு ஊர் ஊராகப் பயணம் போகும் முதியவராகக் கார்னி நடித்ததில் குறை காண்பது கடினம். ஆயினும் அந்தத் தோல்வி ஒரு கடன் போல, ஆஸ்கர் வழங்கும் அகாதமியின் கணக்கில் நின்றது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கடன் தீர்க்கப்பட்டது என்று பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் அதை அடைக்கச் செலவானது வேறொருவரின் பொருள்: அந்த ஆண்டுப் பட்டியலில் 'மால்கம் எக்ஸ்' படத்துக்காக டென்சல் வாஷிங்டன் இருந்தார்.

மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அப்படத்தில் வாஷிங்டன் ஒரே மனிதனின் நான்கு பருவங்களைத் தாங்கி நடக்கிறார்: பாஸ்டன் நடன அரங்குகளின் இளைஞன், சிறைக்கைதி, மதப் பேச்சாளர், மெக்கா சென்று திரும்பிய பின் தன் பழைய உறுதிகளையே ஐயுறத் துணிந்தவர். காவலர்களால் தாக்கப்பட்ட தோழர் ஒருவரின் பொருட்டு மருத்துவமனைக்கு வெளியே கூட்டம் திரண்டு நிற்கும் காட்சியில், அவர் குரலை உயர்த்துவதில்லை; கையுறை அணிந்த கையை உயர்த்தி ஒரு சைகை செய்கிறார், வரிசையில் நின்றவர்கள் திரும்பி நடக்கிறார்கள். அதிகாரம் என்றால் என்ன என்பது அந்தக் கை அசைவிலேயே பார்ப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. பசீனோவின் நடிப்பு மோசமானதன்று. பார்வையற்ற இராணுவ அதிகாரியாக, விழிகள் எதிலும் நிலைகொள்ளாமல் அவர் ஆடும் டாங்கோ நடனக் காட்சியில் கட்டுப்பாடும் துணிவும் ஒன்றாக வெளிப்படுகின்றன. ஆனால் படத்தின் பிற்பகுதி முழங்கும் குரலையே நம்பி நகர்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, 1992-ஆம் ஆண்டின் நடிப்பு வாஷிங்டனுடையது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உரத்த நடிப்பும் அடங்கிய நடிப்பும் பற்றிய இந்தச் சிக்கலைப் பரதரின் நாட்டிய சாஸ்திரம் வியப்பூட்டும் தெளிவோடு கையாண்டிருக்கிறது. அந்நூலின் 27-ஆம் அதிகாரம் சித்தியைப் பற்றியது. சித்தி என்றால் ஓர் அரங்கேற்றம் அடையும் வெற்றி. அது இருவகைப்படும். அவையோர் சிரித்தும், ஆரவாரித்தும், மெய்சிலிர்த்தும், இருக்கையை விட்டு எழுந்தும், மோதிரமும் ஆடையும் வீசியும் காட்டுவது மானுடச் சித்தி. நிறைந்த அவை ஓசையோ கலக்கமோ இன்றி அமர்ந்திருக்க, உணர்ச்சியும் மெய்ப்பாடும் மேலோங்குவது தெய்விகச் சித்தி. 'சென்ட் ஆஃப் எ உமன்' படத்தின் இறுதியில் பள்ளி அவையில் பசீனோ பேசி முடித்ததும் திரைக்குள் இருக்கும் மாணவர்களே கைதட்டுகிறார்கள்; மானுடச் சித்தி அங்கே கதைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தின் முடிவில் அதே நடிகர் ஒரு சொல்லும் பேசாமல் தனியே அமர்ந்திருக்கிறார். விருது வாக்காளர்கள் முதல் வகையை எளிதில் கண்டுகொள்கிறார்கள், இரண்டாம் வகையை அடிக்கடி தவறவிடுகிறார்கள். கடன் பிறக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

அதே அதிகாரம் நடுவர்களைப் பற்றியும் பேசுகிறது. பிராஸ்னிகர் எனப்படும் அந்த மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துறை ஒதுக்கப்பட்டிருக்கிறது: வேள்விக் காட்சியை வேள்வி அறிந்தவரும், யாப்பை யாப்பறிஞரும், படைக்கல நிலைகளை வில்லாளியும், காதல் காட்சியைக் கணிகையும் மதிப்பிட வேண்டும், குணமும் குற்றமும் எண்ணி எழுதப்பட்ட பிறகே பதாகை, அதாவது வெற்றிக்கொடி, வழங்கப்பட வேண்டும். மதிப்பீடு கலைஞரின் பெயரையோ பழம்புகழையோ தொடாமல், அன்று அரங்கில் நிகழ்ந்ததையே தொட வேண்டும் என்ற கவலை இந்த ஏற்பாடு முழுவதிலும் தெரிகிறது.

தமிழ் வாசகருக்கு இக்கேள்வி இன்னொரு பெயரில் பழக்கமானது. 1971-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆருக்கு வழங்கப்பட்டது; சிவாஜி கணேசனுக்கு அவ்விருது கடைசிவரை கிடைக்கவேயில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் வழக்கமாகச் சிவாஜி ஏற்ற கட்டபொம்மனையும் கர்ணனையும் சிக்கல் சண்முகசுந்தரத்தையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அது ஒரு வாழ்க்கையை இன்னொரு வாழ்க்கையோடு நிறுத்துப் பார்ப்பது. அகாதமி பசீனோவிடம் செய்ததாகச் சொல்லப்படும் அதே பிழை. நேர்மையான ஒப்பீடு 1971-க்குள்ளேயே இருக்கிறது. அவ்வாண்டில்தான் சிவாஜி 'பாபு' படத்தில் ரிக்‌ஷா இழுப்பவராக நடித்தார். எம்.ஜி.ஆரின் ரிக்‌ஷாக்காரர் சைக்கிள் ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே சிலம்பம் சுழற்றுபவர். உடலின் லாவகமும் புன்னகையும், எளியவனுக்கு நிமிர்வு தரும் தோரணையும் அதன் பலம். அதை நடிப்பே அன்று என்று தள்ளுவது வெகுமக்கள் கலையை அறியாமை. சிவாஜியின் பாபு வளர்ப்புப் பாசத்தில் உழைத்துத் தேய்ந்து முதுமை எய்துபவர். வேறொரு மனிதனாகவே மாறுவதைத்தான் நடிப்பு என்ற சொல் குறிக்கிறதென்றால் 'பாபு'வே கனமானது. அப்படி வாதிட்டுத் தோற்பதில் கூட நியாயம் இருக்கும். கட்டபொம்மனைக் காட்டி வெல்வதில் இருக்காது.

ஒரு விருது பழைய கடனுக்காகவோ இரக்கத்துக்காகவோ கொடுக்கப்பட்டது என்பதை எவ்வாறு அறிவது என்ற மறுப்பு வலுவானது. ஆஸ்கர் நடிப்பு விருதுகளில் மற்றவர்களைவிட அதிக வாக்குப் பெற்றவரே வெல்கிறார். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எண்ணிக்கை வெளியிடப்படுவதும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் தனித்தனியே, காரணம் எழுதாமல் வாக்களிக்கும் அமைப்புக்கு ஒற்றை நோக்கம் கற்பிப்பது ஊகமே. எனினும் ஊகத்துக்கும் தரம் உண்டு. 1935-இல் வெளிவந்த 'டேஞ்சரஸ்' படத்துக்குக் கிடைத்த விருது, முந்தைய ஆண்டில் தனக்கு மறுக்கப்பட்டதற்கான ஆறுதல் என்று அதைப் பெற்ற பெட்டி டேவிஸே கருதினார். 1961 மார்ச்சில் எலிசபெத் டெய்லர் லண்டனில் நிமோனியாவால் சாவின் விளிம்புக்குச் சென்று, தொண்டையில் துளையிட்டுக் காப்பாற்றப்பட்டார். அடுத்த மாதம், தாமே வெளிப்படையாக வெறுத்த 'பட்டர்ஃபீல்ட் 8' படத்துக்காக விருது பெற்றார். 'தி அபார்ட்மென்ட்' படத்துக்காகப் பட்டியலில் இருந்த ஷெர்லி மெக்லைன் வெறுங்கையோடு நின்றார். பெற்றவரே தம் பரிசை அந்த நடிப்போடு இணைக்கத் தயங்கும் இடத்தில், ஊகம் சாட்சியத்தை நெருங்கிவிடுகிறது. இதில் டெய்லர் மீது குற்றம் எதுவும் இல்லை. அவருக்கு உரிமை இருந்தது, அவர் எதையும் திருடவில்லை. இரக்கம் நல்ல குணம்தான், ஆனால் இங்கே அது தன் கையிலிருந்து கொடுக்காமல் மெக்லைனின் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

இப்படி எடுத்துக் கொடுப்பது கடனை ஒருபோதும் முடிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. வாஷிங்டன் 2002-இல் 'ட்ரெய்னிங் டே' படத்துக்காகச் சிறந்த நடிகரானபோது, அது 'மால்கம் எக்ஸ்' படத்துக்கான தாமதமான கூலி என்ற பேச்சு உடனே எழுந்தது. அந்த ஊழல் காவலர் வேடம் தன் பலத்திலேயே வெல்லக்கூடியது. இருந்தும் அதன் மீது பழைய கணக்கின் நிழல் விழுந்துவிட்டது. தவறான காரணத்தால் தரப்பட்ட விருது அடுத்து வரும் சரியான விருதையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது என்பது இந்த அநீதியின் கவனிக்கப்படாத பகுதி.

கடனை அதற்குரிய நாணயத்தில் தீர்க்கும் வழி அகாதமியிடமே உண்டு. வாழ்நாள் பணிக்கான கௌரவ விருது அதற்காகவே இருக்கிறது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' தொடங்கி ஏழு முறை பரிந்துரைக்கப்பட்டுத் தோற்ற பீட்டர் ஓடூலுக்கு 2003-இல் அது வழங்கப்பட்டது. தாம் இன்னும் களத்தில் இருப்பதாகச் சொல்லி அதைத் தள்ளிப்போடும்படி அவர் முதலில் கேட்டுக்கொண்டார், பிறகு ஏற்றார். 2006-இல் வெளிவந்த 'வீனஸ்' படத்துக்காக எட்டாம் முறை பரிந்துரைக்கப்பட்டபோது, முதல் பரிந்துரைக்குப் பின் 44 ஆண்டுகள் கடந்திருந்தன. பழைய கணக்கைக் காட்டி விருதைக் கொடுத்துவிட அதைவிட நல்ல வாய்ப்பு அமைந்திருக்காது. விருது 'தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து' படத்தில் இடி அமீனாக நடித்த ஃபாரஸ்ட் விட்டேக்கருக்குச் சென்றது. சிரிப்பும் கொலைவெறியும் ஒரே முகத்தில் மாறி மாறி வரும் அந்த நடிப்பே அவ்வாண்டின் சிறந்த நடிப்பு. ஓடூலை எவ்வளவு நேசித்தாலும் அந்த முடிவு சரியானதே.