ஊசி நோட்டு

எங்கள் பனியன் கம்பெனியில் உடைந்த ஊசிக்கென்று ஒரு நோட்டு உண்டு. ஓவர்லாக்கில் ஊசி உடைந்தால், துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, செல்லோடேப்பால் நோட்டில் ஒட்டி, நேரமும் மெஷின் நம்பரும் எழுதிய பிறகுதான் புது ஊசி கொடுப்பேன். ஒரு துண்டு குறைந்தாலும் பண்டல் முழுவதும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். கடல் தாண்டி ஏதோ ஒரு குழந்தையின் தோலில் கீறிவிடக்கூடாதே என்று இவ்வளவு பாடு.

இன்று இரண்டு துண்டு ஒட்டினேன். ஒட்டும்போது அலெக்ஸியின் நினைப்பு வந்தது.

*

ருஷ்ய ஜார் மன்னனின் ஒரே மகன். 1904 ஆகஸ்டில், நான்கு அக்காக்களுக்குப் பிறகு பிறந்தவன். சில வாரங்களிலேயே தொப்புளில் கசிந்த ரத்தம் நிற்க மறுத்தது. ஹீமோபிலியா. தாய் அலெக்சாண்ட்ராவுக்கு இது புதிதில்லை. அவளுடைய அண்ணன் பிரெடெரிக் 2 வயதில் ஜன்னலிலிருந்து விழுந்து செத்தான். தாய்மாமன் லியோபோல்டை 1884-ல் ஒரு வழுக்கல் கொண்டுபோனது. பாட்டி விக்டோரியா மகாராணி. கோவைக்குப் போகும்போதெல்லாம் விக்டோரியா ஹாலைக் கடக்கிறேன். அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு ரத்தவழி இருப்பது முன்பெல்லாம் தெரியாது.

வெட்டுக்காயம்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூட்டுக்குள் கசிவதுதான் கொடுமையாம். முழங்கால் பந்துபோல வீங்கி, மடங்கினபடியே நின்றுவிடும்.

*

லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவு. ஓவர்லாக் அடிக்கிற அம்மா, 9 வயதுப் பையன். அவனுக்கு ரத்தத்தில் ஃபேக்டர் 8 கிடையாது. கோவை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஊசி நரம்பில் ஏறும்போது அவன் கையைக்கூட இழுப்பதில்லை.

"அண்ணா, ஹவுஸ் ஓனரம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றாள் முதல் நாளே. "தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கோம்."

*

ருஷ்ய அரண்மனையும் நோயை இப்படித்தான் மறைத்தது. 1912 இலையுதிர்காலம், போலந்தின் ஸ்பாலா வேட்டை மாளிகை. படகில் குதித்தபோது தொடையில் பட்ட அடி, பிறகு வண்டிக் குலுக்கலில் மறுபடி கசிந்தது. 8 வயது அலெக்ஸி நாள்கணக்கில் அலறினான். கீழே கூடத்தில் விருந்தாளிகள். இளவரசிகள் நாடகம் நடித்தார்கள். அலெக்சாண்ட்ரா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி மகனின் அறைக்கு ஓடினாளாம். ஆசிரியர் பியர் கில்லியார்டு பார்த்து எழுதியிருக்கிறார். கடைசிச் சடங்குகூட முடிந்தது. மருத்துவ அறிக்கை நாடெங்கும் போனது, நோயின் பெயர் இல்லாமல்.

சாமியார் ரஸ்புடின் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் அலுப்பு. என் மனசு நிற்பது நாகோர்னி என்ற மாலுமியிடம். பையன் விழாமல் பார்த்துக்கொள்வதும், நடக்க முடியாதபோது தூக்கிக்கொண்டு திரிவதும்தான் அவன் வேலை. எப்போதும் ஒருவன் பின்னாலேயே நின்றால் பையன் எப்படி வளர்வான் என்று கில்லியார்டு கேட்டார். பெற்றோர் சம்மதித்தார்கள். கொஞ்ச நாளில் வகுப்பறை நாற்காலியிலிருந்து விழுந்தான். முழங்கால் போனது. தாய் ஆசிரியரை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லையாம்.

அதைப் படித்த இரவு சரியாகத் தூங்கவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனைச் சைக்கிளில் ஏற்றிப் பழக்கியது நான்தான்.

*

1917-ல் ஜார் முடிதுறந்தபோது முதலில் மகனுக்கே பட்டம் என்றுதான் முடிவு. டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டான். இந்த நோய் தீராது என்றார். முடிவை மாற்றித் தம்பிக்குக் கொடுத்தான். அந்த வீழ்ச்சியைப் பாரதி 'புதிய ருஷியா' என்று பாடினார். கொடுங்கோலன் விழுந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்கும்போது இப்போது ஒரு முழங்கால் ஞாபகத்துக்கு வருகிறது.

1918 ஜூலை 17, குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்ட இரவு. நடக்க முடியாத அலெக்ஸியை அப்பாவே தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். 14 ஆக நான்கு வாரம்கூட இல்லை. எலும்புகள் 2007-ல் கிடைத்தன. 2009-ல் மரபணுவைப் படித்தவர்கள் அவனுக்குக் குறைந்திருந்தது ஃபேக்டர் 9 என்றார்கள்.

*

வேலூர் சி.எம்.சி.யில் ஃபேக்டர் 8 குறைந்த 5 பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, 2024 கடைசியில் முடிவு வெளியிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையனின் அம்மாவிடம் சொன்னேன். "அஞ்சு பேருதானுங்களா அண்ணா?" என்றாள்.

நான் சொல்லாதது வேறு. அவளுடைய தம்பி ஒருவன் சின்ன வயதில் பல் விழுந்து, ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தவன். அப்படியானால் அவள் அம்மாவிடமும் இருந்திருக்கிறது. தங்கச்சிக்குப் பாதிக்குப் பாதி. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நிச்சயதார்த்தம் வைகாசியில். மூன்று தடவை அவள் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன்.

*

டீ டைம். போனஸ் வாங்க வந்தவள் பையனை என் மேஜையருகே உட்காரவைத்துவிட்டுப் போனாள். நோட்டைப் புரட்டினான். ஒட்டியிருந்த துண்டின் மேல் விரலை வைத்தான்.

"இது யாருக்குப் போட்ட ஊசி, மாமா?"

"பனியனுக்குக் கண்ணு."

நம்பவில்லை போல. அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.