சென்று செய்யும் தொண்டு

மாசித் திங்கள் மக நன்னாளையொட்டிக் காரமடைத் திருவீதியில் அரங்கநாதப் பெருமான் திருத்தேரில் எழுந்தருளுங்கால், வடம் பற்றும் கைகளுள் பெரும்பாலானவை வெளியூர்க் கைகளே ஆகும். மேட்டுப்பாளையம், சிறுமுகை, அன்னூர், அவிநாசி, புன்செய்ப் புளியம்பட்டி என நாற்றிசையினின்றும் வந்த அடியார்கள் ஒருநாள் வடம் தொட்டு இழுக்கின்றனர்; தண்ணீர் சேவையும் பந்த சேவையும் கண்டு மகிழ்கின்றனர்; பின்னர்த் தத்தம் ஊர் திரும்பிவிடுகின்றனர். தேர் நிலை சேர்ந்த பின் வீதியைக் கூட்டுவோரும், அடுத்த மாசி வரை தேரைப் பேணுவோரும் உள்ளூரார். ஒருநாள் வந்து வடம் பிடித்தவர் செய்ததும் கைங்கர்யமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் வந்து செய்து மீளும் தொண்டும், இருந்து செய்யும் தொண்டும் ஒருதன்மையவோ, வேறுவேறோ என்னும் வினா எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

இவ்வினா திருக்கோயில் மதிலோடு நின்றுவிடுவதன்று. கல்வி முடித்த இளைஞர் தம் வாழ்நாளில் ஓராண்டை ஒதுக்கி, பிறந்த ஊரை விட்டு ஊர் ஊராகச் சென்று, புயலாலும் வெள்ளத்தாலும் சிதைந்த இடங்களைச் சீர்செய்து வருதல் வேண்டும் என்னும் கருத்து உலகில் பல நாடுகளில் எழுந்துள்ளது. 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போரில் சிதைந்த நைஜீரியா, 1973ஆம் ஆண்டில் தன் பட்டதாரி இளைஞரைச் சொந்த மாநிலத்துக்கு வெளியே ஓராண்டு பணிபுரிய அனுப்பத் தொடங்கியது. அமெரிக்காவில் 1994 முதல் 18 வயதுக்கும் 26 வயதுக்கும் இடைப்பட்டோர் சிறு சிறு குழுக்களாய்ப் பத்துத் திங்கள் நாடு சுற்றி இத்தகைய பணிகளைச் செய்து வந்தனர். பாரதத்திலும் இது புதிய பேச்சன்று. 1959இல் சி. டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி புகவிருக்கும் மாணவர் அனைவரும் ஒன்பது திங்கள் முதல் ஓராண்டு வரை நாட்டுத் தொண்டு செய்வதைக் கட்டாயமாக்கலாம் என்றது. அடுத்த ஆண்டிலேயே, பிற நாடுகளின் முறைகளை ஆராய்ந்த கே. ஜி. சையிதைன், அது விருப்பத்தின்பாற்பட்டதாகவே இருத்தல் நன்று என்றார். முடிவில் காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியபோது ஓராண்டு என்னும் பேச்சு மறைந்து, படிப்பினூடே ஆண்டுக்கு 120 மணி நேரம் என்றாயிற்று. அத்திட்டத்தின் சின்னமாக அமைந்தது கொனார்க் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரம் என்பது, தேர்த்திருவிழாக் காண வந்தோர்க்கு உவப்பளிக்கும் செய்தியாகும். முழுநேரமும் தொண்டாற்றும் முறை 2010-11இல் தேசிய இளைஞர் தொண்டர் திட்டமாக வேறொரு வடிவில் வந்தது.

தேஷ்முக் சொன்னது சரியா, சையிதைன் சொன்னது சரியா? வைணவ சமயத்தில் தொண்டு என்பது மேலே ஏற்றப்பட்ட சுமையன்று; ஆன்மாவின் இயல்பே அது. இயல்பாய் இருப்பதைச் சட்டத்தால் வருவிப்பது எங்ஙனம் என்று கேட்கத் தோன்றும். எனினும் இயல்பு என்பது தானே வெளிப்பட்டுவிடுவதுமன்று. குழந்தையைத் திருக்கோயிலுக்குக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றவர்கள் கட்டாயப்படுத்தினார்களா, பழக்கினார்களா என்பதை யாரால் அறுதியிட்டுக் கூற இயலும்? ஆகவே இவ்வழக்கை இத்துடன் விடுக்கலாம். இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. சென்று செய்யும் தொண்டு யாருக்காக?

ஓராண்டுத் தொண்டைப் போற்றுவோர் பெரும்பாலும் சொல்வது, அதனால் இளைஞன் அடையும் பயன்களையே. நாட்டைக் காண்கிறான், வேற்று மொழியாரோடு கூடி உண்கிறான், மண்வெட்டி பிடிக்கப் பழகுகிறான், உள்ளம் முதிர்கிறான். இவை பொய்யல்ல. ஆனால் இவையே பயன் எனில், வெள்ளத்தில் வீடிழந்தவள் இவனுக்குப் பாடப்புத்தகம் ஆகிவிடுகிறாள். துன்புறுவோரைத் தன் வளர்ச்சிக்கு ஏணியாக்கிக் கொள்வதைத் தொண்டு என்று அழைக்கலாமா?

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று எங்கெங்கிருந்தோ விரைந்து வந்த இளைஞர்கள், உறவினரும் அஞ்சி விலகிய சடலங்களைக் கையால் எடுத்து நல்லடக்கம் செய்தனர். அதற்கு ஈடாகச் சொல்ல ஏதுமில்லை. ஆனால் அதே நாட்களில் அதே சாலையோரங்களில், நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாய் வந்த பழந்துணிகள் எடுப்பாரின்றிக் குவிந்து கிடந்தன. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தனர். பெறுவோர்க்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் கேட்டாரில்லை. பின்னர்ச் சில ஊர்களில், முன்பு இருந்த படகுகளை விட வந்து சேர்ந்த படகுகள் மிகுதியாயின. கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதிய வீடுகள் எழுந்தபோது, சில இடங்களில் நிழல் தந்து நின்ற மரங்களை வெட்டி, நிலத்தை மட்டமாக்கி, அதன்மேல் வரிசை வரிசையாய்க் கட்டிக் கொடுத்தனர். மீனவப் பெண்டிர் பகலெல்லாம் அமர்ந்து வலை பழுது பார்ப்பதும், மீன் உலர்த்துவதும், அண்டை வீட்டாரோடு பேசுவதும் அம்மர நிழலில் அல்லவா? வீடு உறுதியாயிருந்தது, வாழும் இடம் போயிற்று.

இவ்விடத்தில் இராமாயணத்தில் பஞ்சவடியில் நிகழ்ந்த ஒன்றை நினைத்தல் தகும். காடு முழுதும் உடன் சென்று ஒழிவில்லாது பணிபுரிந்த இளையபெருமாளே சென்று செய்யும் தொண்டுக்கு முதல்வர். பஞ்சவடி சேர்ந்ததும் பெருமாள், நீரும் நிழலும் வாய்ந்த நல்லிடம் ஒன்று பார்த்துப் பர்ணசாலை அமைப்பாயாக என்றார். மண்ணும் மரமும் நன்கறிந்த இலக்குவனுக்கு இடம் தேர்வது அரிய செயலா? ஆயினும் அவர் கைகூப்பி நின்று, நூறாண்டு ஆயினும் தாம் பெருமாளுக்கு அடங்கியவரே என்றும், இடத்தைத் தேவரீரே காட்டி, இங்கே செய் என்று பணித்தருள வேண்டும் என்றும் விண்ணப்பித்தார். பெருமாள் அவர் கையைப் பற்றிச் சென்று இடம் காட்டினார். பின்னரே மண் குழைந்தது, மூங்கில் நட்டது, கூரை வேய்ந்தது. இம்மறுமொழியில் பெரியோர் ஈடுபட்டு உருகியதற்குக் காரணம் உண்டு. பணிசெய்யும் ஆற்றல் சேஷத்வம் எனின், அவ்வாற்றலைத் தன் விருப்பப்படி செலுத்தாது பிறர் திருவுள்ளத்துக்கு ஒப்படைத்து நிற்பது பாரதந்திரியம். முன்னது பலர்க்கு எளிது. பின்னது கைகூடுவதே அரிது. அதுவும் உடலில் வலிமையும் நெஞ்சில் ஆர்வமும் பொங்கும் இருபது வயதில்!

குடியிருக்கப் போகிறவரிடம் இடம் கேட்டுக் குடில் கட்டினார் இலக்குவன். கடற்கரையில் கட்டியவர் பலர் அதனைச் செய்யவில்லை.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் சென்று, சேற்று வயல்களில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டனர். அவர்கள் ஊதியம் பெறுவோர்தாமே, அது தொண்டாகுமா என்று கேட்போர் உளர். அக்கேள்வியைக் கேட்போர் ஒரு முறையேனும் அந்தச் சேற்றில் நின்றுவிட்டுக் கேட்கலாம். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் அடியோடு வீழ்ந்து கிடந்தன. தென்னையை நம்பி வாழும் கொங்கு நாட்டு உழவர்க்கு அந்த இழப்பின் அளவு சொல்லாமலே விளங்கும். கன்று நட்டால் மீண்டும் பாளை விட ஆண்டுகள் பல ஆகுமன்றோ? அரிசி மூட்டையும் போர்வையும் முதல் சில நாட்களுக்கு வேண்டியிருந்தன. அதன்பின் தோப்புக்காரர்க்கு வேண்டியிருந்தது மரம் அறுக்கும் இயந்திர வாளும், அறுத்ததை அப்புறப்படுத்தும் ஆட்களும். விழுந்த மரம் போனால்தானே புதிய கன்று நட இயலும்? அவர்களைக் கேட்டு அறிந்து வாளோடு சென்றவர் செய்த பணி சிறிதாயினும் நிலைத்தது.

இனி, ஓராண்டு முடிந்ததும் சென்றுவிடுவது குறையாகாதோ? தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்து நந்தவனத்தில் ஒரே மண்ணில் வாழ்நாளெல்லாம் பூத்தொடுத்தார். அத்தகைய தொண்டின் முன்னே வந்துபோவோர் கூசத்தான் வேண்டும். மேலும் வெளியார் தொண்டு பிறர் ஆணையால் எந்நேரமும் நின்றுவிடக் கூடியது. 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு மேற்சொன்ன இளைஞர் குழுக்களைப் பணிக்காலம் முடியுமுன்பே வீட்டுக்கு அனுப்பியது. தொடங்கிய வேலைகள் உள்ளூரார் தலையில் விடப்பட்டன. ஆதலின் செல்பவன் தான் இல்லாதபோதும் நடக்கும்படி ஒன்றைச் செய்யக் கடமைப்பட்டவன். பரதனைத் தொடர்ந்து நின்ற சத்துருக்கனன் நிலை இங்கு அவனுக்குப் பொருந்தும். ஊருக்கு நேரே தொண்டு செய்வதாய் எண்ணாமல், அவ்வூரில் முன்னரே தொண்டு செய்து வருகின்ற பள்ளி ஆசிரியர்க்கோ, செவிலிக்கோ, ஊர்ப் பெரியவர்க்கோ துணைக்கையாக நிற்பது. அடியார்க்கு அடியராதல் என்று பாகவதர்கள் போற்றும் முறையும் இதுவே.

திருத்தேரிலும் இம்முறை உண்டு. வடம் பிடிக்கும் ஆயிரவர்க்கு வலிமை உண்டு. சக்கரம் கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தருகே குனிந்து முட்டுக்கட்டை இடும் சிலருக்கே வீதியின் மேடு பள்ளமும், மூலை திரும்பும் அளவும் தெரியும். அவர்கள் நிறுத்து என்றால் ஆயிரவரும் நிற்பர். நிற்காது இழுத்தால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறும்.

பரதாழ்வானுக்கும் காடு செல்ல விருப்பமிருந்தது. திரும்பிச் செல் என்பது பெருமாள் திருவுள்ளமாக, பாதுகையைத் தலைமேல் தாங்கி நந்திக்கிராமத்தில் பதினான்கு ஆண்டு இருந்து நாட்டைக் காத்தார். ஓராண்டு ஊர் சுற்றி வந்த இளைஞனுக்கும் அந்தத் திரும்புதல் உண்டு. 2009 நவம்பரில் நீலகிரி மலைச் சரிவுகள் இடிந்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, குன்னூர்ச் சாலையும் மலை ரயில் பாதையும் அறுபட்டன. காரமடையிலிருந்து வடக்கே நோக்கினால் அம்மலை கண்ணெதிரே நிற்கிறது. அதன் சரிவில் எந்த வீடு முதலில் அசையும், எந்த ஓடை அடைத்துக் கிடக்கிறது என்பதை அறிந்தவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். மழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்னரே அவர்களிடம் சென்று கேட்பதற்கு யாரும் நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியதில்லை; மேட்டுப்பாளையத்தில் பேருந்து மாறினால் போதும்.