பார்க்க முடியும் என்பதால் பார்க்கலாமா?



நாங்கள் ஐந்து பேர், ஒரே பல்கலைக்கழகம். வெளியே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, இணையக் கட்டணத்தையும் ஐந்தாகப் பிரித்துக் கட்டுகிறோம். போன செமஸ்டரில் இரவு ஒரு மணிக்கு மேல் லைன் படுத்துவிடும். அசைன்மென்ட் அனுப்ப முடியாது. "யாரோ படம் டவுன்லோட் பண்றான் லா" என்று ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். நான் எஞ்சினியரிங் படிக்கிறவன் ஆச்சே, கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு பழைய மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் ஏற்றி, மோடத்துக்கும் வைஃபை பெட்டிக்கும் நடுவில் வைத்தேன். வீட்டு இணையம் முழுக்க அதன் வழியாகத்தான் போய் வரும். அதில் ஜாபிக்ஸ் ஏஜென்ட் என்ற சின்ன நிரலை நிறுவினேன். இலவசம்தான், ஒரே கட்டளையில் இறங்கிவிடும். என் அறைக் கணினியில் உள்ள ஜாபிக்ஸ் செர்வர் 10050-ஆம் போர்ட்டில் வந்து கேட்கும். எத்தனை பைட் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று ஏஜென்ட் பதில் சொல்லும்.

முதல் நாள் பதிலே வரவில்லை. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. ஏஜென்டின் அமைப்புக் கோப்பில் 'செர்வர்' என்று ஒரு வரி உண்டு. யார் கேட்டால் பதில் சொல்லலாம் என்பதை அங்கே எழுத வேண்டும். நிறுவியவுடன் அதில் 127.0.0.1 என்றிருக்கும். அதாவது தன் கணினியைத் தவிர வேறு யாருக்கும் வாய் திறக்காது. என் முகவரியைச் சேர்த்து, ஏஜென்டை மறுபடி தொடக்கிய பிறகுதான் வரைபடம் வந்தது. இன்னொன்றும் கவனித்தேன். அது ரூட் அதிகாரத்தில் ஓடாமல் ஒரு சாதாரணக் கணக்கில் ஓடுகிறது. தூரத்திலிருந்து அதற்குக் கட்டளை கொடுக்கும் வசதியும், நாமாகத் திறக்காதவரை மூடியே இருக்கும். பார்ப்பதற்கென்றே செய்த கருவிக்கு இத்தனை பூட்டு.

எனக்கோ ஒரு பூட்டும் இல்லை. இரண்டு இரவு வரைபடத்தைப் பார்த்தேன். நெரிசல் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. மூன்றாம் இரவு டிசிபி டம்ப் என்ற நிரலை ரூட்டாக ஓட்டினேன். இது எண்ணிக்கையோடு நிற்காது. பெரும்பாலான தளங்கள் இப்போது மறையாக்கம் செய்யப்பட்டவை, உள்ளே என்ன படிக்கிறோம் என்று வெளியே தெரியாது. ஆனால் ஒரு தளத்துக்குப் போகுமுன் கைப்பேசி அதன் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி, வழக்கமாக ஒட்டாத கடிதம் மாதிரி திறந்தே போகும். திரையில் பெயர்கள் ஓடின. எங்களில் இளையவன், முதலாண்டு படிக்கும் தம்பி. அவன் கைப்பேசியிலிருந்து பகுதி நேர வேலைத் தளம், கல்விக் கடன் தளம், பிறகு மனவுளைச்சலில் இருப்பவர்கள் அழைக்கும் ஓர் உதவி மையத்தின் தளம். மணி இரண்டேகால்.

எனக்குக் கை நடுங்கியது. பக்கத்து அறைதான். கதவைத் தட்டினால் எப்படித் தெரியும் என்று கேட்பான். தட்டாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? தட்டினேன். சமையலறையில் உட்காரவைத்து, நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அண்ணா, 'என்னடா ஆச்சு'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

அப்பாவுக்கு வேலை போய்விட்டதாம். படிப்பை விட்டுவிடலாமா என்று யோசித்திருக்கிறான். மறுநாள் ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். இன்றும் எங்களோடுதான் படிக்கிறான். ஆனால் மூன்று வாரம் அவன் வீட்டு வைஃபையைத் தொடவில்லை. கையில் காசில்லாதவன், காசு கொடுத்து டேட்டா வாங்கினான்.

"நல்லதுதானே நடந்துச்சு? பார்க்காம இருந்தா தெரிஞ்சிருக்குமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நானும் அதை வைத்துத்தான் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். ஆனால் அதற்கு முந்தைய ஒரு மாதமாக அந்தத் தம்பி இரவில் மேகி மட்டும் சாப்பிட்டான், பூப்பந்துக்கு வருவதை நிறுத்தினான். இதற்கெல்லாம் ரூட் அதிகாரம் வேண்டியதில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட நான்தான் பார்க்கவில்லை.

"ஒளிக்க ஒன்னுமில்லைனா பயம் எதுக்கு?" என்றும் சொல்வார்கள். தம்பி ஒரு தப்பும் செய்யவில்லை. அழுகை குற்றமில்லை, ஆனாலும் நாம் கதவைச் சாத்திக்கொண்டுதானே அழுகிறோம்? ஒருவன் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதை அவனே முடிவு செய்கிறான். நான் எடுத்துக்கொண்டபோது அந்த மூன்றும் அவன் கையை விட்டுப் போயின.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்னைப் பிடிக்காது. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கு உரியது. ஐந்து மாணவர்களின் வாடகை வீட்டுக்குள் அது வராது. அந்தச் சட்டம் நிற்கும் இடத்துக்கு அப்பாலும் நம் அறம் இருக்கிறது. வள்ளுவர் ஒற்றறிவதைத் தவறென்று ஒதுக்கவில்லை. அரசனுக்கு அது தேவை என்று 'ஒற்றாடல்' என 59-ஆம் அதிகாரமே உண்டு. அதற்கு முந்திய 58-ஆம் அதிகாரம் எது தெரியுமா? 'கண்ணோட்டம்'. கண்ணில் இரக்கம் இருக்க வேண்டும் என்று சொல்வது. அந்த வரிசையில்தான் நாம் படிக்கிறோம். நான் முதலாவதைத் தாண்டி இரண்டாவதற்குப் போய்விட்டேன்.

லைன் என்ன ஆச்சு? ஏஜென்டின் வரைபடத்தை ஒழுங்காகப் பார்த்தபோது, நெரிசல் வெளியே போகும் பக்கத்தில் இருந்தது. யாரோ எதையோ ஏற்றுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுக் கேட்டேன். "ஐயோ, என் லேப்டாப் போட்டோ பேக்அப் லா!" என்று ஒருவன் தானே சொன்னான். பகலுக்கு மாற்றினான், முடிந்தது. ஓர் எண்ணும் ஒரு கேள்வியும் போதுமாக இருந்தது.

டிசிபி டம்ப்பை அழித்துவிட்டேன். ஏஜென்ட் இன்னும் ஓடுகிறது. எதை எண்ணுகிறது, யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். யார் கேட்கலாம், எதைக் கேட்கலாம் என்பதற்கு ஏஜென்டின் கோப்பில் வரி உண்டு. பார்க்கப்படுகிறவருக்குத் தெரியுமா என்பதற்கு அங்கே வரி இல்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.

நாளைக்கு உங்களில் பலர் அலுவலகத்தில் ரூட் பாஸ்வேர்டு வைத்திருப்பீர்கள். சிலர் தங்கை, தம்பியின் கைப்பேசியில் கண்காணிப்புச் செயலி போட நினைப்பீர்கள். நிறுவுவதற்கு முன் ஒரு தடவை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.