தன் உடம்பே அளவுகோலா?

தன்னைப்போல் பிற உயிரையும் எண்ண வேண்டும் என்று சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். இதைவிட உயர்ந்த அறம் ஏது என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது. ஆனாலும் இந்த அறத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பது என் அபிப்பிராயம். வேடிக்கை என்னவென்றால், அந்த எல்லையை எனக்குக் காட்டிக் கொடுத்தது பாம்பு.

இங்கிலாந்தில் பாம்பை வீட்டில் வளர்ப்பவர்கள் பலர். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்கு உரிய சோளப் பாம்பும், மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பும் அங்கே பெட்டிகளுக்குள் குடித்தனம் செய்கின்றன. குளிர் நாடாகையால் பெட்டியைச் சூடாக வைத்திருப்பதே வளர்ப்பவர்களின் வழக்கமான கவலை. 2022 ஜூலை 19ஆம் தேதி லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் வெப்பம் 40.3 டிகிரி செல்சியஸுக்குப் போயிற்று. அந்நாட்டில் 40 டிகிரியைத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. சூடேற்றிப் பழகியவர்கள் குளிர்விக்க வழி தேட வேண்டிய நாள் அது.

அத்தகைய நாளில் அன்புள்ள மனிதன் முதலில் என்ன செய்வான்? மின்விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்புவான். தனக்கு இதமாக இருக்கிறதல்லவா! ஆனால் நமக்கு விசிறி இதம் தருவது வியர்வை உலர்வதனால். பாம்புக்கு வியர்வை கிடையாது. அறைக் காற்றே கொதிக்கும்போது அதை வீசினால் சூடுதான் போய்ச் சேரும். அன்பில் குறையில்லை; அளவுகோலில்தான் குறை. நம் ஊரில் புற்றுக்குப் பால் வார்ப்பவர்களின் பக்தியும் இந்த வகையைச் சேர்ந்ததே. பால் நமக்கு அமுதம். பாம்புக்கு அது உணவே அல்ல.

பாம்பின் உடல் நம்முடையதைப்போல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்வதில்லை. இடம் மாறித்தான் காத்துக்கொள்கிறது. சூடு வேண்டுமானால் வெயில் பட்ட பாறை, வேண்டாமென்றால் வளை. ஆகையால் விவரம் அறிந்தவர்கள் பெட்டி முழுவதற்கும் ஒரே வெப்பம் வைப்பதில்லை. சோளப் பாம்பானால் ஒரு பக்கம் 30 டிகிரியை ஒட்டியும், மறுபக்கம் 24 டிகிரி அளவிலும் இருக்கும். இரண்டிலும் ஒளிய மறைவிடம் இருக்கும். கோடை உக்கிரத்தில் பெட்டியை வெயில் படாத அறைக்கு மாற்றுகிறார்கள். பகலில் ஜன்னல் திரைகளை மூடுகிறார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைப் பெரிதாக்குகிறார்கள். பனிக்கட்டியாய் உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி, ஒரு பக்கம் மட்டும் வைக்கிறார்கள். கையால் தொட்டு முடிவு செய்யாமல், இரு பக்கமும் வெப்பமானியை வைத்துப் பார்க்கிறார்கள்.

இதில் ‘ஒரு பக்கம் மட்டும்’ என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெட்டி முழுவதையும் குளிர வைத்தால் நம் விருப்பத்தை அதன்மேல் சுமத்தியதாகும். ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால், அங்கே வருவதும் வராததும் பாம்பின் விருப்பம். வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே ஊர்ந்து போகும் உரிமைதான் காட்டில் அதற்கிருந்த சுதந்திரம். அதைப் பறித்தவன் ஒரு முழமாவது திருப்பித் தர வேண்டாமா?

அடைத்து வைப்பதே பாவம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அதை என்னால் முற்றிலும் மறுக்க முடியவில்லை. ஆனால் பெட்டியில் பிறந்த வேற்றுக் கண்டத்துப் பிராணியை லிங்கன்ஷயர் வயலில் விட்டுவிடுவதும் கருணை ஆகாது. அடைத்தது சரியோ தவறோ, பொறுப்பு வந்துவிட்டது. அதுவும், தவித்தாலும் குரலெடுத்து அழத் தெரியாத ஜீவனிடம் வந்த பொறுப்பு.

நமக்குக் குளிர்ந்தால் குழந்தைக்குக் கம்பளி போர்த்துகிறோம். குழந்தை விஷயத்தில் அநேகமாக அது சரியாகவே இருந்துவிடுகிறது. அதனால்தான் இந்த அளவுகோலை நாம் சந்தேகிப்பதே இல்லை. நம்மைப்போல் இல்லாத ஓர் உயிர் நம் கையில் வந்து சேரும்போது, எண்ணினால் மட்டும் போதாது. விசாரித்துத் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.