பழைய வண்டியும் பரிமித பரிக்கிரகமும்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது பரிமித பரிக்கிரகம். உடைமைகட்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவற்றில் விருப்பொழிதல் என்பது அதன் பொருள். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை ஆகியவை பற்றி நம் இல்லங்களில் பேசப்படும் அளவிற்கு இவ்வைந்தாம் விரதம் பேசப்படுவதில்லை. காரணம் வெளிப்படை. எல்லை வகுக்கத் தொடங்கினால் வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் நாம் விடை கூற வேண்டிவரும். அவ்வாறு விடை கூற வேண்டிய நிலை, ஒரு பழைய மோட்டார் வண்டியின் பொருட்டு எனக்கு நேர்ந்தது. அதனையே இங்கு எழுதப் புகுந்தேன்.

சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இவ்விரதத்திற்கு ஐந்து வழுக்களைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது அதிவாகனம். இச்சொல்லுக்கு இருவகையாகப் பொருள் உரைப்பர். எருது முதலிய விலங்குகளை அவை இயல்பாகச் செல்லக்கூடிய தொலைவிற்கு மேல் பேராசையால் ஓட்டுதல் என்பது ஒன்று. தேவைக்கு மிகுதியாக வாகனங்களை வைத்திருத்தல் என்பது மற்றொன்று. உபாசக தசாங்கம் என்னும் சுவேதாம்பர ஆகமத்தில், பகவான் மகாவீரரின் திருமுன்பு விரதமேற்ற ஆனந்தன் என்னும் இல்லறத்தான், தொலைப்பயணத்திற்கு 500 வண்டிகளும் உள்ளூர்ச் சுமைக்கு 500 வண்டிகளும் என வரையறை செய்துகொண்டதாகக் காண்கிறோம். ஆயிரம் வண்டிகள் உடையவனும் விரதியாகலாம். ஒரே வண்டி உடையவன் வழுவுள்ளவனாகவும் ஆகலாம் என்பதை நாம் முதலிலேயே மனங்கொள்ள வேண்டும். தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தை மூர்ச்சை என்னும் சொல்லால் அன்றோ விளக்குகிறது? பொருளின் எண்ணிக்கையை அது கேட்கவில்லை. பொருளில் மயங்கிக் கிடக்கும் மனத்தையே சுட்டுகிறது.

எம் இல்லத்தில் உள்ளது ஓர் அம்பாசிடர் டீசல் வண்டி. ஆரணியில் அரிசி மண்டி நடத்திய எந்தையார் 1987-ஆம் ஆண்டு வாங்கியது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில நாட்டு வண்டியின் சாயலில் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்யப்பட்டு வந்த இவ்வகை வண்டிகள் 2014-ஆம் ஆண்டோடு நின்றுபோயின. இந்நாட்டில் டீசலால் ஓடிய கார்களுள் முதலாவது இதுவே. 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின். குதிரைத்திறன் நாற்பதிற்கும் குறைவு. ஏற்றத்தில் ஏறும்போது மாட்டு வண்டிக்கு வழிவிட்டு நிற்பதே மரியாதை என்று எந்தையார் நகைப்பார். இவ்வண்டியில்தான் பொன்னூர் மலைக்கும், மேல்சித்தாமூருக்கும், திருமலைக்கும், திருநறுங்கொண்டைக்கும் எம் குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் சென்று வழிபட்டனர்.

இதனை விற்காமல் பழுதுபார்த்து வைத்திருப்பதை நெடுங்காலம் நான் ஒரு நோன்பாகவே கருதி வந்தேன். என் வாதம் இதுதான். புதிய வண்டி ஒன்று உருவாக வேண்டுமாயின் நிலத்தை அகழ்ந்து இரும்புத் தாது எடுக்க வேண்டும். அதனை உலையில் உருக்க வேண்டும். நீரும் நெருப்பும் பெருமளவில் செலவாக வேண்டும். மண்ணையும் நீரையும் தீயையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்று நம்பும் நாம், இருக்கும் இரும்பையே தேய்த்தும் ஒட்டவைத்தும் பயன்கொள்வது எவ்வளவோ மேலானது. அண்டை அயலார் நான்காண்டுக்கு ஒரு வண்டி மாற்றும்போது, நான் ரிங் மாற்றினேன், ஸ்லீவ் மாற்றினேன், தரைத்தகடு துருப்பிடித்தபோது புதிய தகடு வைத்துப் பற்றவைத்தேன். காயலான் கடைக்காரர் இருமுறை வந்து விலை கேட்டுச் சென்றார். 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில், பதினைந்தாண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. என் முறையும் அவ்வாண்டே வந்தது. முகம் சுளியாமல் கட்டினேன். அதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இப்பெருமிதத்தைக் கலைத்தவர் எதிர்வீட்டு அம்மையார். ஒரு மார்கழிக் காலையில் வண்டியைக் கிளப்பிச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். குளிர்ந்த எஞ்சினில் எரியாத டீசல் வெண்புகையாக வெளியேறித் தெருவெங்கும் படர்ந்தது. அவர் வாசலுக்கு வந்து, "அண்ணா, வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோய்க் கிளப்பினால் நல்லது. குழந்தைக்கு இரவெல்லாம் இழுப்பு, இப்போதுதான் கண் அயர்ந்தாள்" என்றார். குரலில் சினம் இல்லை. முப்பதாண்டுப் பழக்கம் உடையவர். எம் வீட்டு விழாக்களில் முன்னின்று பரிமாறுபவர். எத்தனை நாள் பொறுத்திருந்து இதனைச் சொன்னாரோ, அறியேன். எஞ்சினை உடனே நிறுத்தினேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கும்போது அது தானாகவே கொதித்து, தெளிக்கப்படும் எண்ணெயைப் பற்றவைக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு இரண்டாயிரம் சுற்றுச் சுற்றினால், அந்த ஒரு நிமிடத்தில் நாலாயிரம் முறை உள்ளே தீ மூட்டப்படுகிறது. பயனின்றி மண்ணைக் கிளறுதல், நீரைக் கலக்குதல், தீ மூட்டுதல் ஆகியவற்றை அனர்த்த தண்டம் என்று விலக்கும் அறநூலைப் படித்துவிட்டுத்தான், வாசலில் கால்மணி நேரம் வண்டியைச் சும்மா உறுமவிட்டுக் கொண்டிருந்தேன்!

இல்லறத்தார் செய்யும் ஹிம்சையை நம் பெரியோர் நான்காக வகுத்தனர். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் போன்ற வாழ்க்கைச் செயல்களில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை முற்றும் விலக்கல் வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும். வண்டிப்புகை ஆரம்பியில் அடங்கும் என்று கூறி அமைதி கொள்வது எளிது. ஆயின், கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்தலே ஹிம்சை என்னும் கருத்து தத்துவார்த்த சூத்திரத்தில் உள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் தருவது என 2012-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. நாளிதழில் அதைப் படித்தபோது தில்லியைப் பற்றியோ சென்னையைப் பற்றியோ எண்ணினேனேயன்றி, எதிர்வீட்டைப் பற்றி எண்ணவில்லை. எண்ணாமையே பிரமாதம். அவ்வம்மையார் வந்து சொன்ன பிறகு, 'அறியாது செய்தேன்' என்னும் சொல்லும் எனக்கு இல்லாமற் போயிற்று.

முதலில் செய்யக்கூடியதைச் செய்தேன். எண்ணெய் தெளிக்கும் பம்பையும் நான்கு நாசில்களையும் கழற்றி, வேலூரில் அவற்றைச் சோதிக்கும் கடைக்குக் கொண்டுசென்றோம். நாசிலைக் கருவியில் பொருத்திக் கைப்பிடியை அழுத்தினால் எண்ணெய் பனிமூட்டம் போல் விரிய வேண்டும். என் நாசில்களுள் ஒன்று குழாய் போல் சொட்டியது. சொட்டும் எண்ணெய் முழுதும் எரியாது; ஓடும்போது அது கரும்புகையாகிறது. காற்று வடிகட்டியும் அடைத்துக் கிடந்தது. இரண்டையும் மாற்றி, பம்பின் நேரத்தைச் சரிசெய்து, எஞ்சின் உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளையும் புதிதாக்கிய பின், மெக்கானிக் ஒரு வெள்ளைத் துணியைப் புகைக்குழாயில் பிடித்துக் காட்டினார். துணி சற்றே பழுத்ததன்றிக் கருக்கவில்லை. பெருமகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். ஆனால் டீசல் புகையில் நுரையீரலின் ஆழம் வரை செல்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களே. துணியில் படிவது பெருந்துகள். டீசல் வண்டிகள் வெளியிடும் மாசுக்கு எடைவரம்பு இந்நாட்டில் வந்தது 1992-இல். என் வண்டி அதற்கு ஐந்தாண்டு மூத்தது. எத்துணைப் பழுதுபார்த்தாலும் அது 1987-ஆம் ஆண்டு எஞ்சின்தான்.

பழைய எண்ணெயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை எஞ்சின் எண்ணெய் மாற்றும்போதும் வடித்த கறுப்பெண்ணெயை வேலிக்கால்களுக்கும் கதவு நிலைகளுக்கும் பூச அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிச் செல்வர். கறையான் அண்டாது என்பர். நானும் பல்லாண்டு மகிழ்ந்து ஈந்தேன். கறையான் ஏன் அண்டாது என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. கொலைக்கருவியைப் பிறர்க்கு ஈதலும் அனர்த்த தண்டத்துள் ஒன்றென அறநூல் கூறும். நான் ஈந்தது அதுவே. இப்போது கலத்தில் அடைத்து, கழிவெண்ணெய் எடுத்துச் செல்லும் உரிமம் பெற்றவரிடம் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுகிறேன். கேட்பவரிடம் இல்லை என்று சொல்வது முதலில் சங்கடமாகத்தான் இருந்தது.

இனி, வண்டியை வைத்திருப்பதா, விடுவதா? மகன் புதியது வாங்கலாம் என்கிறான். தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளைப் பசுமைத் தீர்ப்பாயம் தடுத்ததையும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்ததையும் எடுத்துக் காட்டுகிறான். நானோ மேற்கூறிய இரும்புத் தாது வாதத்தை எடுத்து வைப்பேன். விற்றால் வாங்குபவர் இருமடங்கு சுமையேற்றி ஓட்டுவார். புகை ஒழியாது, வேறு தெருவிற்குச் செல்லும், அவ்வளவே என்பேன். இவ்விரண்டு வாதங்களும் பல திங்கள் ஓடின. ஒருநாள் இரவு உண்ணாமையை முன்னிட்டுப் பொழுது சாய்வதற்குள் உணவை முடித்து அமர்ந்திருந்தபோது மருமகள் கேட்டாள்: "மாமா, ஆண்டில் இருபது நாள்தான் வண்டி வெளியே போகிறது. பழையதோ புதியதோ, நமக்கென்று ஒன்று எதற்கு? வேண்டும்போது வாடகைக்கு எடுத்தால் ஆகாதா?"

நானும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனையோ நூல்களைத் துணைக்கழைத்த எனக்கு அவ்வினா ஒருமுறையும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று அன்றிரவு எண்ணினேன். ஓட்டுநர் இருக்கையில் எந்தையார் சாய்ந்து சாய்ந்து ஏற்பட்ட பள்ளம் இன்றும் உள்ளது. உறையை மூன்றுமுறை மாற்றியும் அப்பள்ளத்தை நிரப்ப நான் விடவில்லை. இரும்புத் தாதுவும் ஓரறிவுயிரும் பற்றி நான் பேசியவை பொய்யல்ல; எனினும் வண்டியை விடாததற்கு அவை காரணமும் அல்ல. மூர்ச்சை என்று ஆசாரியர் சுட்டியது அந்த இருக்கையில் அமர்ந்திருந்தது. ஆயிரம் வண்டிக்கு வரையறை செய்த ஆனந்தனுக்கு அவற்றுள் ஒன்றில் இவ்வாறு ஒரு பள்ளம் இருந்ததா என்பது ஆகமத்தில் இல்லை.

விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிப்போர்க்கு நிறைவாக இருக்கும். ஆனால் இன்னும் விடவில்லை. பதிவுக்காலம் 2027 வரை உள்ளது. அதற்குமேல் புதுப்பிப்பதில்லை எனவும், பிறர் ஓட்டும்படி விற்காமல் உரிய இடத்தில் உடைக்கக் கொடுப்பது எனவும் வீட்டார் முன் கூறிவிட்டேன். தேசாவகாசிக விரதத்தின் முறையில் அதுவரைக்கும் சில எல்லைகள் வைத்துக்கொண்டேன். திருத்தலங்கட்கும் மருத்துவமனைக்கும் அன்றி எடுப்பதில்லை. பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதில்லை. மழைக்கால இரவில் ஒருமுறை விளக்கொளியில் வந்து மோதிய ஈசல்களைக் கண்ணாடியிலிருந்து துடைத்தெடுத்த நினைவு எனக்குப் போதும். இருட்டுமுன் வீடு சேர்ந்து உணவருந்த வேண்டும் என்பதற்காக விரைந்து ஓட்டுவதும் இல்லை. நேரமாகிவிட்டால் உணவை விட்டுவிடலாம்.

காலையில் கிளம்ப வேண்டிய நாட்களில் வண்டியைத் தெருமுனை அரசமரம் வரை தள்ளிச் சென்ற பிறகே கிளப்புகிறோம். நான் சன்னல் வழியாகக் கைவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். மகனும் பேரனும் பின்னாலிருந்து தள்ளுவார்கள். சென்ற வாரம் எதிர்வீட்டுக் குழந்தையும் வந்து பம்பரில் கைவைத்துத் தள்ளினாள்.