மருந்து கேட்குமா?



காசிமேட்டில் மீன் அரியும் தாய் ஒருத்திக்கு விடியற்காலையில் விரல்கள் மடங்கவில்லை. முடக்குவாதத்தின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வைத்தியரிடம், "இந்த மருந்து எனக்குக் கேட்குமா?" என்கிறாள். "முன்கூட்டிச் சொல்ல முடியாதம்மா" என்கிறார் அவர். அடுத்த தெருவில் ஒருவரோ, "நிச்சயம் குணமாகும்" என்கிறார். யாரை நம்புவது?

இந்நோய்க்கு 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மெத்தோட்ரெக்ஸேட்டே இன்றும் முதல் மருந்து. சிலருக்கு அது நன்றாய்க் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. இரத்தப் பரிசோதனை நோயின் கடுமையை ஓரளவு காட்டும். புகைபிடிப்போருக்குப் பலன் குறையக்கூடும். ஆயினும், இன்னாருக்குக் கேட்கும் என்று உறுதிசெய்யும் பரிசோதனை இன்னும் இல்லை. ஆகவே தாமதமின்றித் தொடங்கி, மூன்று மாதத்தில் குணம் தெரியாவிடில் சிகிச்சையை மாற்றுவதே முறை. ஆரம்ப மாதங்களை வீணாக்கினால் அரிக்கப்பட்ட மூட்டு திரும்பி வராது.

அறியாததை அறிந்ததாகச் சொல்வது, ஆறுதலுக்காயினும் பொய்யே. தெரியாது என்று சொல்லிக் கூடவே கவனித்து வருபவர் நம்பத்தக்கவர். நமக்கும் கடமையுண்டு. வாரம் ஒருநாள் உண்ண வேண்டிய இம்மாத்திரையைத் தினமும் விழுங்குவது உயிருக்கே ஆபத்து. வலி தணிந்ததும் தானாக நிறுத்துவதும் தவறு. பொறுமையோடிருப்போம், ஆனால் குறித்த நாளில் வைத்தியரிடம் திரும்பிச் செல்வோம்.